விறகு அடுப்பு கட்டப் போகிறீர்களா? முதலில் புகை போகும் வழியைப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. கேஸ் விலை தாங்க முடியவில்லை, 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதும் மறக்கவில்லை, அதனால் வீட்டில் ஒரு விறகு அடுப்பு கட்டலாம் என்று இருக்கிறார்களாம். கூரை அஸ்பெஸ்டஸ் சீற். குசினி சின்னது, கேஸ் சிலிண்டரும் அதற்குள்ளேதான் நிற்கிறது. அம்மாவுக்கு ஆஸ்மா. நடக்கப் பழகியிருக்கும் ஒரு சின்னப் பிள்ளையும் உண்டு. எங்கே கட்டுவது, என்ன விறகு எரிப்பது, ஆபத்தில்லாமல் எப்படிப் பாவிப்பது, இதுதான் கேள்வி. குசினி கட்டுவதும் பழைய புகைக்கூடு திருத்துவதும் நான் செய்யும் மேசன் வேலையில் பெரிய பங்கு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தங்கச்சி, அந்தச் சின்னக் குசினிக்குள் கட்ட வேண்டாம். பின்பக்கம் வீட்டுச் சுவரோடு சாய்ப்பாகக் கூரை போட்டு ஒரு பத்தி இறக்கி அதற்குள் கட்டுங்கள். செலவு கூடும்தான், ஆனால் கேஸ் சிலிண்டர் நிற்கும் அறைக்குள் திறந்த நெருப்பு கூடவே கூடாது. கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே எழும்பிப் போகாது, நிலத்தோடு படர்ந்து வரும், அடுப்பு வாயில் ஒரு தணல் கிடந்தாலும் போதும், பற்றிவிடும். கசிந்தால் மணம் தெரியும்தானே என்று நினைப்பீர்கள். விறகுப் புகை நிற்கும் அறையில் அந்த மணம் லேசில் பிடிபடாது. பத்தியில் கட்டினால் இந்தப் பிரச்சினையும் இல்லை, அம்மாவின் நெஞ்சுக்கும் நல்லது.

நெருப்பைப் பற்றி எல்லாருக்கும் பயம் இருக்கிறது. புகையைப் பற்றித்தான் யாருக்கும் பயம் இல்லை, கண் எரிந்தால் முந்தானையால் துடைத்துக்கொண்டு சமைக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. விறகு நேராக எரிவதில்லை. சூடு ஏறும்போது முதலில் அதில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது, பிறகு 250, 300 பாகை செல்சியஸ் அளவில் மரம் சிதைந்து வாயுவாக வெளியே வருகிறது, அந்த வாயுதான் சுவாலையாக எரிகிறது. சூடு போதாவிட்டால், அல்லது காற்றுப் போதாவிட்டால், அந்த வாயு எரியாமலே வெளியேறும். நீங்கள் காணும் புகையில் பெரும்பகுதி அதுதான். அப்படியென்றால் புகை நிறைய வருகிற அடுப்பில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பங்கு எரியாமல் கூரைக்குப் போகிறது, இன்னொரு பங்கு நெஞ்சுக்குள் போகிறது. வீட்டுக்குள் இப்படிச் சமைக்கும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது, அதில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பிள்ளைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட நுரையீரல் நோய், சமைக்கிற பெண்களுக்குக் கண்ணில் வெண்படலம் என்று அந்தப் பட்டியல் நீளும். காற்றில் இருக்கும் நுண்துகள் ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று அதே நிறுவனம் 2021இல் சொன்னது. புகைக்கூடு இல்லாத குசினியில் சமையல் நேரத்தில் அது நூற்றுக்கணக்கில் ஏறும், சில நேரம் ஆயிரத்தையும் தாண்டும். ஆகவே அடுப்பு கட்டுவது, விறகு தெரிவு செய்வது, பற்றவைப்பது எல்லாவற்றிலும் நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: புகை குறைகிறதா, மிச்சப் புகை ஆள் இல்லாத பக்கம் போகிறதா.

சரி, கட்டும் வேலைக்கு வருவோம்.

எங்கள் ஊரில் காற்று இரண்டு பக்கத்தால் அடிக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை வடகிழக்கால் கடலில் இருந்து வரும், மழையையும் கொண்டுவரும். வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும் வரைக்கும் கச்சான் தென்மேற்கால் காய்ந்து போய் அடிக்கும், பின்னேரத்தில் கதவைப் பிடுங்குகிற மாதிரி இருக்கும். இந்த இரண்டு பக்கமும் பத்திக்குச் சுவர் வைத்துவிட்டு மற்ற இரண்டு பக்கத்தையும் அரைச் சுவரோடு திறந்து விடுங்கள். அப்படிச் செய்தால் எந்த மாதத்திலும் காற்று நேராக அடுப்பு வாய்க்குள் புகாது. காற்று நேரே புகுந்தால் தீ நாக்கு வெளியே நீளும், பொறி பறக்கும், புகைக்கூடு இருந்தும் புகை திரும்பி ஆள் மேல் வரும். பக்கத்தில் கிடுகு வேலியோ ஓலைக் கொட்டிலோ இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கமாக இடம் பாருங்கள். கச்சான் காலத்தில் காய்ந்த கிடுகில் ஒரு பொறி விழுந்தால் தண்ணீர் எடுத்துவர நேரம் இருக்காது.

அடுப்புத் திட்டை இரண்டரை அடி அளவுக்கு உயர்த்திக் கட்டுங்கள். குனிந்து சமைக்கிறவர்கள் முகத்தைப் புகைக்குள் வைத்துக்கொண்டுதான் சமைக்கிறார்கள், நின்று சமைத்தால் அது குறையும். திட்டின் கீழே விறகு அடுக்க ஒரு மாடம் விடுவது வழக்கம், அது வசதிதான், ஆனால் அடுப்பு வாய்க்கு நேர் கீழே அந்த மாடத்தின் வாய் இருக்கக்கூடாது. கொள்ளியில் இருந்து தணல் உதிர்ந்து நேரே அடுக்கிய விறகில் விழும். மாடத்தை ஒரு பக்கமாகத் தள்ளி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் திட்டை அடுப்பு வாய்க்கு முன்னால் ஒரு அடிக்கு மேல் நீட்டச் சொல்லுங்கள்.

நெருப்புப் படும் இடத்துக்குச் செங்கல். சீமெந்துக் கல் வேண்டாம், சீமெந்துச் சாந்தும் வேண்டாம். சீமெந்துக் கல்லுக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும், திடீரென்று சூடு ஏறினால் அந்த ஈரம் ஆவியாகித் தள்ளும், கல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பொங்கலுக்கு முற்றத்தில் கல் மூட்டும்போதும் இதைக் கவனியுங்கள், ஆற்றிலோ கடற்கரையிலோ எடுத்த ஈரக் கல்லும் அப்படித்தான் வெடிக்கும். செங்கல்லைக் களிமண்ணும் மணலும் குழைத்த சாந்தில் வையுங்கள், புற்றுமண் கிடைத்தால் அதைவிட நல்லது. வெடிப்பு விழும், விழுந்தால் மண் குழைத்துப் பூசி மெழுகிவிட வேண்டியதுதான், அது மண் அடுப்பின் இயல்பு.

அடுப்பை நீங்களே வடிவமைக்க மினக்கெட வேண்டாம். 1980களில் எங்கள் இலங்கையிலேயே உருவான அனகி அடுப்பு இருக்கிறது, சுட்ட களிமண்ணில் ஒரே துண்டாகச் செய்தது, முன்னால் ஒரு வாய், மேலே இரண்டு பானை வைக்கலாம். அதை வாங்கித் திட்டின் மேல் வைத்து, சுற்றிவர மண்ணால் மூடிக் கட்டினால் சூடு வெளியே போகாது, அடுப்பும் லேசில் உடையாது. முன்பானையில் சோறு வேகும்போது மிச்சச் சூட்டில் பின்பானையில் தண்ணீர் சுடும். பின் வாயில் பானை வைக்காமல் திறந்து விட்டுவிட்டுச் சமைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாயால் புகையும் சுவாலையும் நேரே மேலே வரும். ஒன்றும் சமைக்க இல்லையென்றாலும் ஒரு பானைத் தண்ணீரையாவது அதில் ஏற்றி வையுங்கள். பானை விளிம்பு அடுப்பில் படிந்து உட்கார வேண்டும், கோணலாக ஆடினால் ஒரு நாள் கவிழும்.

புகைக்கூட்டில்தான் ஆட்கள் செலவைக் குறைக்கப் பார்க்கிறார்கள், பிழை நடப்பதும் அதில்தான். அடுப்புக்கு மேலே தொப்பி மாதிரி விரிந்து வரும் பகுதி, அடுப்பைவிட எல்லாப் பக்கமும் அரை அடியாவது கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்தால் கசிகிற புகை தொப்பிக்குள் போகாது. அதற்கு மேலே போகும் கூட்டின் உள்ளளவு ஒன்பது அங்குலத்துக்குக் குறைய விடாதீர்கள். சூடான புகை லேசாக இருப்பதால்தான் மேலே ஏறுகிறது, கூடு எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு இழுவை நன்றாக இருக்கும். கூரையைத் துளைத்து வெளியே வந்த இடத்தில் இருந்து மூன்று அடியாவது மேலே நிற்க வேண்டும், பத்து அடிச் சுற்றுக்குள் இருக்கும் கூரை முகடு, மதில், தண்ணீர்த் தாங்கி எதுவாக இருந்தாலும் அதைவிட இரண்டு அடி உயர வேண்டும். இதைச் செய்யாமல் சீற்றுக்கு மேலே ஒரு முழம் நீட்டி விட்டுவிட்டால், கச்சான் அடிக்கிற நாளில் முகட்டைத் தாண்டி வரும் காற்று புகையைத் திருப்பிக் கீழே அழுத்தும். உச்சியில் மழைக்கு ஒரு மூடி போடுங்கள், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும், அணிலும் காகமும் கூடு கட்டாமல் கம்பி வலை அடியுங்கள்.

கூரையைத் துளைக்கும் இடம் மிகவும் கவனம். செங்கல் கூடென்றால் மரச் சலாகைக்கும் கூட்டுக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது வெளி விடுங்கள், தகரக் குழாய் என்றால் 18 அங்குலம். தகரக் குழாய் பக்கத்தில் போகும் மரம் ஒரே நாளில் பற்றாது. மாதக்கணக்காகக் காய்ந்து கறுத்து, பிறகு குறைந்த சூட்டிலேயே ஒரு நாள் பற்றும், அதனால்தான் இவ்வளவு நாளும் ஒன்றும் ஆகவில்லை என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை. உங்கள் வீட்டில் அஸ்பெஸ்டஸ் சீற் என்பதால் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அந்தச் சீற்றை வெட்டும்போதும் துளைக்கும்போதும் வரும் தூசி பல வருடம் கழித்து நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. வெட்டும் மெசின் வைக்க விடாதீர்கள், தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, கையால் அறுக்கச் சொல்லுங்கள், முகமூடி போடச் சொல்லுங்கள், பிள்ளையையும் அம்மாவையும் அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள். மற்றது, அந்தச் சீற்றில் நெருப்புச் சூடு நேரே பட்டால் வெடித்துத் தெறிக்கும். பத்திக்குப் புதிதாகக் கூரை போடுவதால் தகரமோ ஓடோ போட்டுவிடுங்கள், இந்த இரண்டு தொல்லையும் இல்லாமல் போய்விடும். நான் பத்தி என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

விறகு. எனக்குப் பிடித்த விஷயம்.

பச்சை மரத்தில் கிட்டத்தட்டப் பாதி பாரம் தண்ணீர். அது 20 வீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் நல்ல விறகு. எங்கள் ஊர் காலநிலைக்கு இது கஷ்டமே இல்லை, நேரத்தில் செய்தால் போதும். மாசி, பங்குனியில் வெட்டி, மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து, வெயிலிலும் காற்றிலும் அடுக்கி விட்டால் கச்சான் காற்றே காயவைத்துத் தரும், புரட்டாதியில் எடுத்துக் கூரைக்குக் கீழே வைத்தால் மாரி முழுவதற்கும் காணும். பிளப்பதுதான் முக்கியம், முழு உருளையாக வைத்தால் பட்டை தண்ணீரை வெளியே விடாது. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு லொறியில் வரும் விறகை வாங்கி அன்றைக்கே எரிக்கிறவர்கள்தான் மார்கழி முழுக்க இருமுகிறார்கள். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்த விறகு டங்கென்று தெளிவாகச் சத்தம் தரும், ஈர விறகு மொத்தென்று அமுங்கும். வெட்டுமுகத்தில் நடுவில் இருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை கையோடு கழன்று வரும், தூக்கினால் எதிர்பார்த்ததைவிடப் பாரம் குறைவாக இருக்கும். அடுப்பில் வைத்ததும் மறு முனையில் நுரை தள்ளிச் சீறினால் அது இன்னும் காயவில்லை, எடுத்து வெயிலில் போடுங்கள்.

புளி, வேம்பு, கிளிசரியா, மா, விளாத்தி எல்லாம் நன்றாக எரியும், புளியந்தணல் நீண்ட நேரம் நிற்கும். முருங்கை, இலவு மாதிரிச் சோத்தி மரங்கள் வெறும் புகையும் சாம்பலும்தான். தென்னை மட்டையும் பாளையும் பற்றவைக்க நல்லது. சிரட்டை மிகவும் வேகமாக, பெரிய சுவாலையோடு எரியும், அதனால் ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஒரு கை நிறைய அள்ளிப் போட்டால் சுவாலை பானையைச் சுற்றிக்கொண்டு மேலே வரும். மூங்கிலைப் பிளக்காமல் போடாதீர்கள், கணுவுக்குள் அடைபட்ட காற்று வெடிக்கும்.

எரிக்கவே கூடாதவற்றில் முதலாவது தில்லை. கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துக் களப்போரங்களில் நிற்கும் அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும், அதன் புகையும் கண்ணுக்குக் கெடுதி. விறகுக் கட்டில் கலந்து வந்தால் தெரியாமல் போகலாம், ஆகவே களப்போர விறகு என்றால் கேட்டு வாங்குங்கள். கண்டல் நல்ல விறகுதான், ஆனால் கண்டல் காடு பாதுகாக்கப்பட்டது, தொடக்கூடாது. அலரி முழுவதும் நஞ்சு, புகையும்தான். மரமுந்திரிகைக் கொட்டைத் தோலில் உள்ள எண்ணெய் நெருப்பில் தெறித்துத் தோலைப் பொசுக்கும், அதன் புகை தொண்டையை அரிக்கும், வறுக்கிறதென்றால் வெட்டவெளியில், காற்று வரும் பக்கமாக நின்று செய்யுங்கள். வாடைக்குப் பிறகு கடற்கரையில் ஒதுங்கும் கட்டைகளை நிறையப் பேர் சும்மா கிடைக்கிறதே என்று தூக்கி வருகிறார்கள். உப்பில் ஊறிய மரம் எரியும்போது குளோரின் கலந்த நச்சு வாயுக்கள் வரும், தகரக் குழாயையும் அரித்துவிடும். பெயின்ற் அடித்த பழைய ஜன்னல், உடைந்த வள்ளத்துப் பலகை, பிளைவுட், பச்சை நிற மருந்து ஏற்றிய மரம், ரயில் சிலிப்பர் கட்டை, ஒன்றையும் சமையல் அடுப்பில் வைக்க வேண்டாம். ஈயமும் ஆசனிக்கும் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும், பிறகு அந்தச் சாம்பல் கீரைப் பாத்திக்குப் போகும்.

விறகு அடுக்கும்போது வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்காமல், இரண்டு கல் வைத்து நிலத்தில் இருந்து உயர்த்தி அடுக்குங்கள். கறையானும் ஏறாது, கீழேயும் காற்றுப் போகும். புடையனும் தேளும் விறகுக் குவியலை விரும்பும், ஆகவே இரவுக்கு வேண்டியதை வெளிச்சத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு காயப்போடுவது பழைய வழக்கம். காயும்தான், ஆனால் காய்ந்த விறகும் ஓலையும் சுவாலைக்கு நேர் மேலே தொங்குகிறது, எனக்கு அதில் விருப்பமில்லை.

பற்றவைப்பது. எங்கள் ஊரில் பாதி வீட்டில் சொப்பிங் பையைக் கொளுத்தித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள், அந்தக் கறுத்த புகையைக் காலையில் முதல் மூச்சிலேயே உள்ளே இழுக்கிறீர்கள், உருகிச் சொட்டும் பொலித்தீன் தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு எரியும். காய்ந்த பன்னாடை, பொச்சுத் தும்பு, கைவிரல் கனத்தில் சீவிய மட்டை இவை போதும். முதலில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் கூடு வேலை செய்கிறது. முகத்துக்குத் திரும்பி வந்தால் கூட்டுக்குள் குளிர்ந்த காற்று அமுங்கி நிற்கிறது, அல்லது எங்கோ அடைத்திருக்கிறது. ஒரு துண்டுக் காய்ந்த ஓலையைக் கொளுத்தித் தொப்பிக்குள் கொஞ்ச நேரம் உயர்த்திப் பிடித்தால் கூடு சூடாகி இழுக்கத் தொடங்கும். அதற்கும் இழுக்காவிட்டால் அன்றைக்கு மூட்ட வேண்டாம், கூட்டைத் திறந்து பாருங்கள். பிறகு மெல்லிய குச்சிகளை இடைவெளி விட்டு வையுங்கள், சுவாலை பிடித்த பிறகு பெரிய விறகு. வாய் நிறைய விறகைத் திணித்தால் காற்றுப் போக வழி இருக்காது, புகைதான் வரும். இரண்டு மூன்று துண்டை வைத்து, முனை எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டு வருவதுதான் முறை. வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விறகை நடந்து போகிறவர் காலால் தட்டிவிடாதபடி வெட்டி வையுங்கள், பிள்ளை இருக்கும் வீட்டில் கட்டாயம்.

மண்ணெண்ணெய் பற்றி ஒரே வார்த்தை: எரிகிற அல்லது அணைந்தது போலத் தெரிகிற அடுப்பில் ஊற்றக்கூடாது. அணைந்தது போலத் தெரியும் தணலில் மண்ணெண்ணெய் விழுந்தால் உடனே பற்றாது, முதலில் வெள்ளையாக ஆவி எழும்பும். என்ன பற்றவில்லையே என்று குனிந்து ஊதும்போதுதான் அந்த ஆவி மொத்தமாகப் பிடிக்கும், முகத்தோடு. சுவாலை போத்தலின் வாய் வழியாக உள்ளேயும் போகும். பெற்றோல் இன்னும் மோசம், அதற்குத் தணல்கூட வேண்டாம், சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகி நிற்கும்.

இனிக் கண்ணுக்குத் தெரியாதது. சுவாலையும் புகையும் அடங்கி, செந்தணல் மட்டும் அழகாக மின்னும் நேரத்தில் ஆட்கள் பயத்தை விட்டுவிடுவார்கள். கார்பன் மொனொக்சைட் நிறைய வருவது அப்போதுதான். நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது. இரத்தத்தில் ஒட்சிசன் ஒட்டிக்கொள்ளும் அதே இடத்தில் அது இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும், உடம்பு ஒட்சிசன் இல்லாமல் தவிக்கும். தலையிடி, தலைச்சுற்று, வயிற்றைப் பிரட்டுவது, பிறகு நித்திரை வருகிற மாதிரி. ஒரே அறையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால் அதுதான் என்று வைத்துக்கொண்டு உடனே வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஒட்சிசன் கருவி இதில் சரி என்று பொய் காட்டும், அதை நம்பி இருந்துவிட வேண்டாம். 2020 மார்கழித் தொடக்கத்தில் புரெவி வந்த மாதிரி ஒரு புயல் நாளில், கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டு, ஈரத்துணி காயவும் குளிருக்கும் என்று சிரட்டைத் தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிறது. பிள்ளை பெற்ற அறையில் தணல் வைப்பதும் அப்படித்தான். சாம்பிராணி போடுவதென்றால் கதவைத் திறந்து வைத்துப் போட்டுவிட்டுச் சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். தணலோடு யாரும் ஒரே அறையில் படுக்கக்கூடாது, ஒரு இரவும்.

பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். அடுப்பைச் சுற்றி மூன்று அடிக்கு நிலத்தில் ஒரு கோடு கீறி, அதற்குள் அது வரக்கூடாது என்று பழக்குங்கள், பழகும் வரை ஒரு மூங்கில் படலை கட்டுங்கள். அடுப்பு நெருப்பைவிட என்னைப் பயமுறுத்துவது கஞ்சி வடிக்கும் நேரம். பானையை இறக்கி, மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்துச் சாய்த்து நிலத்தில் இருக்கும் சட்டிக்கு வடிக்கிறார்கள், ஆவியில் முகம் திரும்பியிருக்கும், இரண்டு கையும் பானையில் இருக்கும், பிள்ளை பின்னால் தவழ்ந்தோ ஓடியோ வருவது தெரியாது. கஞ்சி வெறும் தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். வடிக்கும் சட்டியையும் திட்டின் மேலேயே வைத்து வடியுங்கள், அந்த நேரம் பிள்ளையை வேறொருவர் தூக்கி வைத்திருக்கட்டும். சமைக்கும்போது நைலோன் நைட்டி, தொங்கும் சோல் வேண்டாம், பருத்தி உடுப்புப் போட்டு, தலையை முடிந்து, முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். உடுப்பில் பற்றினால் ஓடக்கூடாது, நிலத்தில் விழுந்து உருள வேண்டும். தாச்சியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடுங்கள், விறகை வெளியே இழுங்கள். பத்தியின் மூலையில் ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் எப்போதும் நிற்கட்டும்.

சுட்டுவிட்டால் பைப்பைத் திறந்து ஓடும் சாதாரண தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், குறைக்க வேண்டாம். காப்பு, மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு ஒன்றும் பூச வேண்டாம், சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும் வேதனை வேறு. சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். சின்னப் பிள்ளைக்குச் சுட்டாலும், முகம், கை, மூட்டு, மறைவிடத்தில் சுட்டாலும், உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

சமைத்து முடிந்ததும் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள், சுட்ட களிமண் பிளக்கும், ஆவியோடு சுடுசாம்பல் முகத்துக்கு எழும்பும். கொள்ளிகளை இழுத்துப் பிரித்து, மணல் வாளிக்குள் முனையைக் குத்தி வையுங்கள், அடுத்த வேளைக்கு அதே கொள்ளி சீக்கிரம் பற்றும். சாம்பல் ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே தணல் இரண்டு மூன்று நாளைக்கு உயிரோடு இருக்கும். மூடியுள்ள ஒரு தகர வாளியில் அள்ளி, வெளியே மண் தரையில் வையுங்கள், காட்போட் பெட்டி, உரப்பை, பிளாஸ்ரிக் வாளி வேண்டாம். வேலியோரக் குப்பையில் கொட்டினால் பின்னேரக் கச்சான் அதை ஊதிவிடும். பிள்ளைகள் வெறுங்காலோடு சாம்பல் குவியலில் ஏறிப் பாதம் வெந்த கதை எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் இருக்கிறது.

புகைக்கூட்டை வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன் ஆவணி, புரட்டாதியில் கூட்டுங்கள். எரியாத புகை கூட்டின் குளிர்ந்த சுவரில் படிந்து கறுத்த கீல் மாதிரி ஒட்டும், அதில் பொறி பட்டால் கூட்டுக்குள்ளேயே தீ ஏறும், ஆயிரம் பாகையைத் தாண்டும். நகத்தால் கீறிப் பார்த்து மூன்று மில்லிமீற்றர் கனத்துக்கு வந்திருந்தால் வருடம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். நீளத் தடியில் தென்னந்தும்புத் தூரிகை கட்டி மேலே இருந்து தேய்க்கலாம், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் காணொளிகளில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பை இரவு முழுக்கக் காற்றைக் குறைத்துப் புகைய விடுவதைக் காட்டுவார்கள். அங்கேயும் அது இந்தக் கீலைத்தான் சேர்க்கும், எங்களுக்கு அது தேவையே இல்லை, எங்கள் அடுப்பு சூடாக எரிந்து வேலை முடிந்ததும் அடங்க வேண்டும்.

அம்மாவைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். நல்ல புகைக்கூடும் காய்ந்த விறகும் இருந்தாலும் விறகு அடுப்பில் புகை முழுக்க இல்லாமல் போகாது. அடுப்பு மூட்டுகிற முதல் பத்து, பதினைந்து நிமிடம்தான் மோசம், அந்த நேரம் அவர் முன்விறாந்தையில் இருக்கட்டும், பத்திக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள கதவைச் சாத்தி வையுங்கள். இன்ஹேலரைக் கைக்கெட்ட வையுங்கள், அடுப்பு தொடங்கிய பிறகு இழுப்புக் கூடுகிறதா என்று கவனித்துக் கிளினிக்கில் சொல்லுங்கள். கேஸ் அடுப்பைக் கழற்றி விற்றுவிட வேண்டாம். சிலிண்டரைச் சுவருக்கு வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிப் பூட்டிவிட்டு, விறகு நனைந்த நாளிலும், வாடை சுழற்றியடித்துக் கூடு இழுக்காத நாளிலும், அம்மாவுக்கு மூச்சு முட்டுகிற நாளிலும் காசைப் பார்க்காமல் அதில் சமையுங்கள். அப்படிப் பாவித்தால் ஒரு சிலிண்டர் மாதக்கணக்கில் நிற்கும்.